விஸ்குண்டேவும் நம்ம வித்தைக் குன்றும்

அந்த ஃபார்வர்டு பத்தி எழுதவே கூடாதுன்னு இருந்தேன். நேத்து இன்னொரு குரூப்புலயும் வந்து விழுந்தது, கீழே வரிசையா கைகூப்பு வேற.

கணிதத்துக்கு டச்சுல சொல்ற 'விஸ்குண்டே' நம்ம 'வித்தைக் குன்று'தானாம். ரொம்ப சந்தோஷம். கும்பகோணம் காபியும் அதே கப்பல்லதான் போச்சா?

அந்தச் சொல்லைப் பெத்தவர் யாருன்னு ஊருக்கே தெரியும். சீமோன் ஸ்டெவின்ங்கிற கணித அறிஞர், 1548-ல பிறந்தவர். 'விஸ்'னா சந்தேகத்துக்கு இடமில்லாதது. டச்சு பேசுற இந்த ஊர்ல இன்னிக்கும் 'விஸ் என் ஸேகர்'னு சொல்வாங்க, நிச்சயமாங்கிற அர்த்தத்துல. அவர் வச்சது 'விஸ்கொன்ஸ்ட்', அதாவது நிச்சயமானதன் கலை. பின்னாடி கலை போய் 'குண்டே', அறிவு, ஒட்டிக்கிச்சு. பக்கத்து வீட்டு ஜெர்மனும் பிரெஞ்சும் கிரேக்கச் சொல்லையே வச்சுக்கிட்டாங்க.

மனுஷன் சும்மா பேர் வச்சுட்டுப் போகலை. 1585-ல தசம பின்னம் பத்தி டச்சுல ஒரு சின்னப் புத்தகம் போட்டார். யாருக்குன்னு முன்னாடியே எழுதியிருக்கார்: வானம் பார்க்கிறவங்க, நிலம் அளக்கிறவங்க, திரைச்சீலை அளக்கிறவங்க, ஒயின் பீப்பா அளக்கிறவங்க. லத்தீன் தெரியாத ஜனம். 1600-ல லைடன்ல பொறியாளர்களுக்கு டச்சிலேயே வகுப்பு தொடங்கினப்போ பாடத்திட்டம் இவரோடது.

என் பொண்ணு ஒருநாள் ஹோம்வொர்க்ல 'ஏஃபன்வெய்டிக்'னு கோடு போட்டுக்கிட்டிருந்தா. என்னடின்னேன். "ஏஃபன் சமம், வெய்ட் அகலம். நடுவுல எங்கேயும் ஒரே அகலம்மா." நான் பேரலல்னு உருப்போட்டு மார்க் வாங்கினவ. கொஞ்சம் பொறாமையாத்தான் இருந்தது.

இதையெல்லாம் சொன்னா குரூப்ல கேட்பாங்க: "சமஸ்கிருத 'வித்'தும் 'விஸ்'ஸும் ஒரே வேர்தானே?" ஆமா, தூரத்துச் சொந்தம். அதுல தமிழ் எங்கே வந்தது? சொந்தக்காரன் அப்பன் ஆயிடுவானா?

"ஸ்டெவினே தன் மொழிதான் உசத்தின்னு எழுதலையா?" எழுதினார், ஓரசைச் சொல்லை எல்லாம் எண்ணிப் பட்டியல் போட்டு. அதை விடுங்க. அவர் அதோட நிறுத்தலையே! பெருமை பேசின அதே கையால எடைக் கலை பத்தி ஒரு முழு நூல் எழுதினார். நாம என்ன எழுதினோம்? ஃபார்வர்டு பட்டனை அமுக்கினோம்.

"உனக்குத் தமிழ்ப் பற்று இல்லை." இதுதான் சுருக்குனு குத்துது. சனிக்கிழமை காலையில தூக்கத்தை விட்டுட்டு, குளிர்ல சைக்கிள் மிதிச்சுப் போய், இங்குள்ள பிள்ளைங்களுக்கு ழகரம் சொல்லித் தர்றவ நான். குரூப்ல எனக்கு 'டச்சு மருமகள்'னு பட்டம் கொடுத்தாரே ஒரு அண்ணன், அவர் பையனையும் வகுப்புக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தேன்.

"சனிக்கிழமை ஃபுட்பால் இருக்கேம்மா"ன்னார்.