டிரிப் ஆனது ஏன்னு யாருமே பார்க்கல

வடசென்னை கொருக்குப்பேட்டையில, இலவச முகாம்ல மாட்டிக் கொடுத்த ஆர்.சி.சி.பி.யை (கரண்ட் கசிஞ்சா லைனை வெட்டுற பெட்டி) ஒரு லைன் வீட்டுல கழட்டிட்டாங்கன்னு முகாம் நடத்தினவங்க போட்ட வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. நான் திரும்ப ஷேர் பண்ணப் போறதில்ல. "உயிர் காக்குற கருவியை இலவசமா மாட்டிக் கொடுத்தோம், அதைக் கழட்டி டைரக்ட் கொடுத்து வச்சிருக்காங்க, இவங்களுக்கு எவ்வளவு செஞ்சாலும் இப்படித்தான்"னு பின்னாடி ஒரு குரல். கீழ கமென்ட்ல "ஓசியில வந்தா மதிப்பு தெரியாது"ன்னு வரிசையா எழுதியிருக்காங்க. படிக்கப் படிக்க வயிறு எரியுது.

அந்த வீடியோவை நிதானமா ஒரு தடவை பாருங்க. நடுவுல கேமரா மெயின் பெட்டிகிட்ட போகுது. ஆர்.சி.சி.பி.யோட கீழ்ப்பக்கம் காலியா இருக்கு. மேல வர்ற சிவப்பு ஒயரையும் கருப்பு ஒயரையும் வீட்டுக்குள்ள போற ஒயரோட நேரா முறுக்கி, டேப் சுத்தியிருக்காங்க. இதைத்தான் எல்லாரும் பார்த்தீங்க. அதே முறுக்குல இன்னொரு கருப்பு ஒயரும் சேர்ந்திருக்கு. அது சுவத்து ஓட்டை வழியா பக்கத்து போர்ஷனுக்குப் போகுது. மாட்டின அன்னைக்கே பார்த்திருக்க வேண்டிய ஒயர் அது.

விஷயம் தெரியாதவங்களுக்காக சொல்றேன். ஆர்.சி.சி.பி. செய்யுற வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஃபேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருக்கும். வித்தியாசம் வந்தா, அந்தக் கரண்ட் யாரோ ஒருத்தர் உடம்பு வழியாவோ ஈரச் சுவர் வழியாவோ தரைக்குப் போகுதுன்னு அது எடுத்துக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டா 0.3 நொடிக்குள்ள லைனை வெட்டணும், அதாவது டிரிப் ஆகணும், அதுதான் தர விதி. லோடு அதிகமானா மட்டும் விழுற சாதாரண 16 ஆம்பியர் எம்.சி.பி. இதைச் செய்யாது. ஆளைக் கொல்ற கரண்டுக்கு ஐநூறு மடங்கு மேல போனாத்தான் அதுக்கு உறைக்கும். வீட்டுல ஒழுங்கான எர்த் இல்லைன்னாலும், ஃபேஸைத் தொட்ட ஆளைக் காப்பாத்த ஆர்.சி.சி.பி. ஒண்ணுதான் இருக்கு. அதனால அதை மாட்டினதை நான் குறை சொல்லவே இல்ல. அதைவிட நல்ல செலவு கிடையாது.

ஆனா முகாம் நடத்தினவங்களே, லைன் வீட்டு வயரிங் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுதான் மாட்டினீங்களா? ஆறு குடும்பம், பின்னாடி ஒரே கழிப்பறை. அந்தக் கழிப்பறை லைட்டுக்கு ஃபேஸ் முதல் வீட்டுலேர்ந்து வரும். நியூட்ரல் மூணாவது வீட்டுல எது கிட்டக்க இருந்துச்சோ அதுலேர்ந்து இழுத்திருப்பாங்க. வருஷக்கணக்கா அப்படியே எரிஞ்சுக்கிட்டிருக்கும், ஒரு பிரச்சினையும் வராது. ஆர்.சி.சி.பி. மாட்டின அன்னைக்கு ராத்திரிதான் ஆரம்பிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க. முகாம்ல கையில கொடுத்தீங்களே, அதே 9 வாட் எல்.இ.டி. பல்பு. 9ஐ 230ஆல் வகுத்தா 39 மில்லி ஆம்பியர். நிஜத்துல அதைவிடக் கூடத்தான் இழுக்கும். அந்தக் கரண்ட் முதல் வீட்டு ஃபேஸ்ல போய் மூணாவது வீட்டு நியூட்ரல்ல திரும்புது. முதல் வீட்டுப் பெட்டிக்கு அது கசிவு மாதிரிதான் தெரியும். டிரிப் ஆகும். ஆகணும். பெட்டி தன் வேலையைச் சரியாத்தான் செய்யுது.

இப்ப அந்த வீட்டுக்குள்ள இருக்குறவங்களை நினைச்சுப் பாருங்க. ராத்திரி யாரோ கழிப்பறைக்குப் போய் சுவிட்சைப் போடுறாங்க, முதல் வீட்டுல ஃபேன் நின்னுடுது. மேல ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஜன்னல் கிடையாது. எழுந்து போய் லீவரைத் தூக்குறாங்க, ஏற மாட்டேங்குது. லைட்டை அணைச்ச பிறகுதான் ஏறும், அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? அடுத்த ராத்திரியும் அதேதான். கைக்குழந்தை இருக்குற வீடு அது. முகாம் நம்பருக்குப் போன் பண்ணா எடுக்க ஆளில்ல. தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாங்க. "ஃபேன் ஓடணும்ணே, அவ்வளவுதான்"னு சொல்லியிருப்பாங்க. அவர் ஓட வச்சுட்டுப் போயிட்டாரு.

டிரிப் ஆனது ஏன்னு யாருமே பார்க்கல. திரும்பத் திரும்ப சொல்றேன்னு சலிச்சுக்காதீங்க. இந்தப் பதிவுல எனக்கு சொல்ல இருக்குறதே அதுதான்.

பார்க்குறது பெரிய வேலையும் இல்ல. முதல்ல வீட்டுல எல்லா பிளக்கையும் பிடுங்கி, எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டு லீவரைத் தூக்கணும். நின்னா, ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டே வரணும். கிரைண்டர் போட்டதும் விழுந்தா கிரைண்டர் மோட்டார்ல கசிவு. எந்த லைட் போட்டாலும் விழுந்தா நியூட்ரல் வேற வீட்டோட கலந்திருக்கு. எதுவுமே போடாம விழுந்தா ஒயர்லயே கோளாறு. அப்ப நியூட்ரலைப் பிரிச்சு, ஒயர் உறை கசியுதான்னு அளக்குற 500 வோல்ட் மெக்கர் வச்சுப் பார்க்கணும், 1 மெகா ஓமுக்குக் கீழ காட்டக் கூடாது. லீக்கேஜ் கிளாம்ப் மீட்டர் இருந்தா இன்னும் சுலபம். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து ஒரே பிடியில பிடிச்சா எவ்வளவு கசியுதுன்னு நேரா காட்டிடும்.

இன்னொரு ஆபத்தான பழக்கம் இருக்கு. எர்த் இல்லாத வீட்டுல பிளக் பாயின்டோட எர்த் துளைக்கு நியூட்ரல்லேர்ந்தே லூப் போட்டு வச்சிருப்பாங்க. எங்கேயாவது நியூட்ரல் அறுந்தா கிரைண்டர், ஃபிரிட்ஜ் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிக்கும். ஆர்.சி.சி.பி. மாட்டினா இந்த லூப்பும் டிரிப் ஆக்கலாம், ஏன்னா ஃபிரிட்ஜ் ஈரத் தரையில நின்னா நியூட்ரல் கரண்ட்ல கொஞ்சம் அது வழியா தரைக்குப் போயிடும். ஆக, பெட்டி டிரிப் ஆகுறதே அந்த வீட்டுல எங்க ஆபத்து இருக்குன்னு காட்டுற தகவல். அந்தத் தகவலை வாங்கிக்க யாரும் போகல. கழட்டினதை வீடியோ எடுக்க மட்டும் போனாங்க.

"நல்லது செய்யுறவங்களைக் குத்தம் சொன்னா நாளைக்கு யார் வருவாங்க?"ன்னு கேப்பீங்க. வீட்டுக்குள்ள ஒயரைப் பிரிச்சு ஒரு வேலை செஞ்சா அது அங்கேயே முடியாது. மறு வாரம் ஒருத்தர் வந்து பார்க்கணும். நூறு வீட்டுக்கு மாட்டி விட்டுட்டுப் போறதுக்குப் பதிலா, முப்பது வீட்டுக்கு மாட்டி ரெண்டு தடவை போங்க. கணக்கு குறையும், போட்டோ குறையும், பெட்டி சுவத்துல இருக்கும்.

"டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அழுத்தச் சொன்னோம், செய்யல" அப்படின்னு ஒருத்தர் எழுதியிருக்கார். அழுத்தணும், அது சரி. கடல் காத்து அடிக்குற காசிமேடு, எண்ணூர் பக்கம் இன்னும் அவசியம், உள்ள இருக்குற மெக்கானிசம் இறுகிடும். ஆனா தினமும் தானா டிரிப் ஆகுற பெட்டிக்கு எந்த டெஸ்ட்?

"ஹவுஸ் ஓனர் பொறுப்பு சார் அது." ஒத்துக்குறேன். ஓனர் வேற ஏரியாவுல இருக்கார், வாடகைக்கு மட்டும் வருவார். வயரிங்ல கை வைக்கணும்னா வாடகைக்கு இருக்குறவங்க கேட்டு நடக்காது, "பிடிக்கலன்னா காலி பண்ணு"ன்னு ஒரே வார்த்தையில முடிஞ்சுரும். லெட்டர்ஹெட் வச்சிருக்குற நீங்க போய்க் கேட்டா நடக்கும். இதுல இன்னொண்ணும் இருக்கு. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு 2016ல அரசாங்கம் கொடுக்க ஆரம்பிச்சுது. சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு ஓனர் வசூல் பண்ற வீட்டுல அதுல ஒரு யூனிட் கூட இவங்க கைக்கு வர்றதில்ல. 75 வாட் பழைய ஃபேன் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 54 யூனிட். கரண்ட் கம்மியா இழுக்குற 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன்னா 22 யூனிட்டுக்குள்ள. உண்மையிலேயே கரண்ட் செலவைக் குறைக்கணும்னா பல்பை விட்டுட்டு ஃபேனை மாத்திக் கொடுங்க.

கேஸ் விஷயத்துலயும் இதே கதைதான். "அடுப்பு சிலிண்டரைவிட உயரத்துல இருக்கணும்"னு நோட்டீஸ் கொடுத்தீங்க. கேஸ் காத்தைவிட கனம், கசிஞ்சா தரையில தேங்கும், அதனால மேடை வேணும். எல்லாம் சரி. பத்துக்குப் பத்து ரூம்ல மேடை எங்க இருக்கு? தரையிலதான் அடுப்பு. சிமென்ட் செங்கல் அடுக்கி, மேல ஒரு கடப்பா கல் போட்டுக் கொடுத்தா ஒரு மத்தியானத்துல முடிஞ்சுரும். ஆரஞ்சு டியூப் மேலயே தேதி அச்சடிச்சிருக்கும், 5 வருஷம் தாண்டியிருந்தா அங்கேயே மாத்திட்டு, மூட்டுல சோப்புத் தண்ணி தடவி குமிழி வருதான்னு பார்த்துட்டு வாங்க. கசிஞ்சா கூப்பிட வேண்டிய 1906ஐ சுவத்துல பெரிசா எழுதிட்டு வாங்க. நோட்டீஸ் மடிச்சு அலமாரிக்கு அடியில போயிடும்.

2011ல விலையில்லா மிக்சி, கிரைண்டர், ஃபேன் வந்துச்சு. ரெண்டு பல்பும் ஒரு ஃபேனும் ஓடுறதுக்குன்னு போட்ட மெல்லிசு ஒயர் மேலயே எல்லாம் ஏறுச்சு. அதுக்கு மேல 1500 வாட் ராடு ஹீட்டர், அது ஒண்ணே ஆறரை ஆம்பியர். ஒயர் சூடாகி ஃபியூஸ் போனா, கட்டையில தடிமனா செம்புக் கம்பி. பொருள் கொடுக்க எல்லாரும் வந்தாங்க. சுவத்துக்குள்ள இருக்குற ஒயரைப் பார்க்க யாரும் வரல.

அத்திப்பட்டுலயும் எண்ணூர்லயும் அனல் மின் நிலையச் சாம்பலைச் சுவாசிச்சது யாரு? பேசின் பிரிட்ஜ் மின் நிலையத்துக்குப் பக்கத்துல குடியிருக்குறது யாரு? 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணூர்ல எண்ணெய் கலந்த தண்ணி வீட்டுக்குள்ள வந்து நின்னுச்சே, அது யார் வீடு? இந்த ஊருக்குக் கரண்ட் இந்தப் பக்கத்துலேர்ந்தும்தான் போச்சு. இவங்க வீட்டு ஃபேன் ராத்திரி ஏன் நிக்குதுன்னு பார்க்க ஒரு டெஸ்டரோட ஒருத்தர் வரல, "இவங்களுக்கு எவ்வளவு செஞ்சாலும்"னு சொல்ல மட்டும் வாய் வருது. இதைத்தான் என்னால தாங்க முடியல.

போட்ட வீடியோவை நீக்குங்க. அதுல அந்த வீட்டு அக்கா முகமும் கதவு நம்பரும் தெளிவா தெரியுது.

நீக்கிட்டு, மழைக்கு முன்னாடி அதே வீட்டுக்குத் திரும்பப் போங்க. லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருத்தர், மெக்கர், கிளாம்ப் மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒரு காயில். முதல்ல கழிப்பறை லைட்டோட ஃபேஸும் நியூட்ரலும் ஒரே வீட்டு ஆர்.சி.சி.பி.லேர்ந்து வர்ற மாதிரி இழுங்க. சுவத்து ஓட்டை வழியா போற அந்தக் கருப்பு ஒயரைப் பிரிச்சு விடுங்க. எர்த் துளை லூப்பை வெட்டுங்க. தரையிலேர்ந்து ஒரு அடியில இருக்குற பிளக் பாயின்டை நாலடிக்கு ஏத்துங்க. பிறகு பெட்டியைத் திரும்ப இணைச்சு, எல்லா வீட்டு ஃபேனும் லைட்டும் ஒண்ணா ஓடுற நேரத்துல டெஸ்ட் பட்டனை அந்த அக்கா கையாலயே அழுத்தச் சொல்லுங்க. போன் எடுக்குற ஒரு ஆளோட நம்பரைப் பெட்டி மூடி மேல எழுதி வச்சுட்டு வாங்க.