உள்நாட்டுப் பயணத்துக்குப் பன்னாட்டு வாசல்

சில ஆண்டுகளுக்கு முன்பு, என் தங்கையின் பிரசவத்துக்குத் துணையிருப்பதற்காக அம்மாவை மும்பைக்கு அழைத்துச் சென்றேன். கும்பகோணத்திலிருந்து இரவு ரயிலில் வந்து, என் வீட்டில் இரண்டு நாள் தங்கி, மூன்றாம் நாள் மாலை மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். விமானம் புறப்பட இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. உள்நாட்டுப் பயணத்துக்கு அது போதும் என்பதே அன்றுவரை என் கணக்கு. உள்நாட்டு முனையத்தின் வாசலில் நின்ற காவலர் எங்கள் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார், ஒருமுறை திருப்பிப் பார்த்தார், பிறகு, "இது இங்கே இல்லை சார், பக்கத்து இன்டர்நேஷனலுக்குப் போங்க" என்றார்.

"நாம மும்பைக்குத்தானே தம்பி போறோம், அங்க எதுக்கு அனுப்புறாங்க?" என்று அம்மா கேட்டார். எனக்கும் விடை தெரியவில்லை. மூட்டு வலியுள்ள அவரைத் தள்ளுவண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு பெட்டிகளையும் ஒரு கட்டைப்பையையும் வைத்துத் தள்ளிக்கொண்டு, அடுத்த கட்டடத்தை நோக்கி நடந்தேன். அம்மா கேட்ட அந்தக் கேள்விக்கு விடையை அதன்பிறகு தேடித்தான் தெரிந்துகொண்டேன். அதை இங்கே எழுதுவதற்குக் காரணம், இதே வாசலில் இதே கேள்வியோடு நின்றவர்கள் என் உறவினரிலேயே இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதுதான்.

நாங்கள் ஏறிய விமானம் சென்னையில் தொடங்கியதல்ல. சிங்கப்பூரிலிருந்து வந்து, சென்னைப் பயணிகளை இறக்கிவிட்டு, மும்பை வரை செல்ல வேண்டியவர்களை அப்படியே இருக்கைகளில் வைத்துக்கொண்டு, காலியான இடங்களில் எங்களைப் போன்றவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. சிங்கப்பூரில் ஏறி மும்பையில் இறங்குகிறவர்கள் குடியுரிமைச் சோதனையையும் சுங்கச் சோதனையையும் மும்பையில்தான் முடிப்பார்கள். அதாவது, எனக்கு இடது பக்கம் அமர்ந்திருந்தவர் சட்டத்தின் பார்வையில் இன்னும் இந்தியாவுக்குள் நுழையாதவர், வலது பக்கம் இருந்த அம்மாவோ இந்தியாவை விட்டு வெளியே போகாதவர். இந்த இரு வகையினரும் ஒரே விமானத்தில் இரண்டு மணி நேரம் கலந்து அமர்ந்து, ஒரே கழிப்பறையையும் தலைக்கு மேலுள்ள ஒரே பெட்டியறையையும் பயன்படுத்துவதால், இறங்கும்போது யாருடைய பையில் எது இருக்கிறது என்று பிரித்தறிய வழியில்லை. ஆகவே எல்லோரையும் சுங்கச் சோதனை வழியாகவே வெளியே விடுகிறார்கள். ஏறும்போதும் அவர்களோடு கலந்துவிடக்கூடியவர்களைப் பன்னாட்டுப் பகுதியிலேயே ஏற்றுகிறார்கள். இது 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் கீழ் நடக்கும் வேலை. இதன் நியாயம் எனக்கு முழுமையாகப் புரிகிறது.

இன்னொன்றையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இப்படி உள்நாட்டுத் துண்டுப் பயணத்துக்கு டிக்கெட் விற்கும் வாய்ப்பு இந்திய விமான நிறுவனங்களுக்கு மட்டுமே இருக்கிறது. ஒரு நாட்டின் இரண்டு ஊர்களுக்கு இடையே கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றிச் செல்ல அயல்நாட்டு நிறுவனங்களுக்கு அனுமதி மறுக்கும் உரிமை அந்தந்த நாட்டுக்கு உண்டு என்று 1944இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் ஏழாவது பிரிவு சொல்கிறது. பெரும்பாலான நாடுகள் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதில்லை. வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் வெளிநாட்டு நிறுவனத்தின் விமானம் ஒரே பயணத்தில் நம் ஊர்கள் இரண்டைத் தொட்டாலும், இடைப்பட்ட தூரத்துக்கு அது நமக்கு இடம் விற்க முடியாது.

எனவே இந்த ஏற்பாட்டையே நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. காலியாகப் பறக்கும் இருக்கைகளை நிரப்புவது நல்லதுதான். சில வேளைகளில் கட்டணமும் குறைவாக இருக்கிறது, வேறு விமானமே இல்லாத நேரத்தில் இது கிடைக்கிறது. என் வருத்தமெல்லாம், இப்படிப்பட்ட பயணம் இது என்பதைப் பணம் வாங்கும்போது பயணியிடம் சொல்வதில்லை என்பதே. எங்கள் டிக்கெட்டில் சென்னை, மும்பை, புறப்படும் நேரம், சேரும் நேரம் ஆகியவை பெரிய எழுத்தில் இருந்தன. கட்டடத்தைக் குறிக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மட்டும் மூலையில் இருந்தன. விமானம் சிங்கப்பூரிலிருந்து வருகிறது என்று எங்குமே இல்லை.

அன்று உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். பெட்டிகளைக் கொடுத்துவிட்டு மேலே போனதும், கூட்டம் போன வழியிலேயே போய்க் குடியுரிமைச் சோதனை வரிசையில் நின்றோம். அரை மணி நேரம் கழித்து எங்கள் முறை வந்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் அம்மாவிடம் பாஸ்போர்ட் கேட்டார். அம்மாவிடம் பாஸ்போர்ட் என்று ஒன்று இதுவரை இருந்ததே இல்லை. அவர் தம் சுருக்குப்பையைத் திறந்து ஆதார் அட்டையை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினார். அதிகாரி கடிந்துகொள்ளவில்லை, ஓரத்தில் இருந்த தனி மேசையைக் காட்டி அங்கே போகச் சொன்னார். அங்கே ஒருவர் ஆதாரைப் பார்த்து, போர்டிங் பாஸில் உள்நாட்டுப் பயணி என்பதற்கான முத்திரையைக் குத்தி அனுப்பினார். அந்த மேசைக்கு வரிசையே கிடையாது. அப்படியொரு மேசை இருக்கிறது என்று பெட்டி வாங்கும் இடத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கால் வலியோடு அம்மா அரை மணி நேரம் நின்றிருக்க வேண்டியதில்லை.

அடுத்தது பாதுகாப்புச் சோதனை. தங்கைக்காக அம்மா வீட்டிலேயே வெண்ணெய் எடுத்து, முருங்கைக்கீரை போட்டுக் காய்ச்சிய நெய் ஒரு புட்டியும், பிறக்கப்போகும் குழந்தைக்கு உடம்பில் தேய்ப்பதற்கென்று தெரிந்த செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் ஒரு புட்டியும் கட்டைப்பையில் இருந்தன. உடைந்துவிடுமோ என்று பயந்து அவற்றைப் பெட்டியில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். 2006 ஆகஸ்டில், திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கத் தீட்டப்பட்ட சதி லண்டனில் வெளிப்பட்டதற்குப் பிறகு, பன்னாட்டு விமானங்களில் கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டி கூடாது என்ற விதி உலகம் முழுவதும் வந்தது. பன்னாட்டுப் பகுதிக்குள் நுழைகிற எல்லோருக்கும் அதே விதிதான், நாங்கள் போவது மும்பைக்கு என்றாலும் சரி. எண்ணெயும் நெய்யும் அங்கேயே தங்கிவிட்டன. பெட்டிகள் ஏற்கெனவே உள்ளே போய்விட்டதால் அவற்றில் வைக்கவும் வழியில்லை. அம்மா எதுவும் பேசவில்லை. காலியான கட்டைப்பையை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். அந்த மடிப்பை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

மும்பையில் இறங்கியபோது நடந்ததுதான் என்னை அதிகம் கலங்க வைத்தது. பெட்டி வரும் பட்டையருகே நான் நின்றுகொண்டிருக்க, அம்மா முன்னால் போய் வெளியேறும் வழியருகே நின்றுவிட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் சுங்க அலுவலர் ஒருவர் அவருடைய கழுத்திலிருந்த சங்கிலியையும் கையிலிருந்த நான்கு வளையல்களையும் பார்த்து இந்தியில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இந்தி தெரியாது. அந்தப் பேச்சில் 'சிங்கப்பூர்' என்ற ஒரே ஒரு சொல்தான் அவருக்குப் பிடிபட்டது, அதற்கு இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ப் போர்டிங் பாஸின் துண்டைக் காட்டியதும், முத்திரையைப் பார்த்துவிட்டு உடனே அனுப்பிவிட்டார். என்னுடைய துண்டைத்தான் காட்டினேன். அம்மா தம்முடைய துண்டை, இனி எதற்கு இது என்று, விமானத்திலேயே இருக்கையின் பைக்குள் வைத்துவிட்டு இறங்கியிருந்தார்.

அந்த அலுவலரை நான் குறை கூற மாட்டேன். தங்கத்தின் இறக்குமதி வரி 2013இல் 10 சதவீதமாகவும், 2022இல் எல்லாம் சேர்த்து 15 சதவீதமாகவும் உயர்ந்து, 2024 ஜூலையில்தான் 6 சதவீதமாகக் குறைந்தது. வரி ஏற ஏறக் கடத்தலுக்கு ஆதாயமும் ஏறியது. வெளிநாட்டிலிருந்து தங்கத்தைக் கொண்டுவருகிறவர் அதை இருக்கைக்கு அடியிலோ கழிப்பறையிலோ மறைத்துவைத்துவிட்டு இறங்கிவிடுவார். அதே விமானத்தில் உள்நாட்டுப் பயணியாக ஏறுகிறவர் அதை எடுத்துக்கொண்டு அடுத்த ஊரில் இறங்குவார். சென்னை உட்படப் பல விமான நிலையங்களில் சுங்கத்துறை இந்த முறையைக் கண்டுபிடித்துப் பிடித்திருக்கிறது. ஆகவே உள்நாட்டுப் பயணியைச் சந்தேகத்தோடு பார்க்க அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. ஆனால், திருமணத்தன்று போட்ட வளையலைக் கழற்றாமலேயே நாற்பது ஆண்டுகளாக வாழ்கிற ஒரு பெண்மணி, தாம் சந்தேகத்துக்கு உரிய ஒரு வழியில் நடக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள உரிமையுடையவர் இல்லையா? தெரிந்திருந்தால் அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருப்பார், என்னை விட்டு ஓரடி நகர்ந்திருக்க மாட்டார்.

இதைச் சரியாகச் செய்ய முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைச் சொல்லலாம். அங்கேயும் வெளிநாடு போகும் விமானங்களின் உள்நாட்டுத் துண்டில் பயணிகளை ஏற்றுவதுண்டு. சிட்னியில் பன்னாட்டு முனையமும் உள்நாட்டு முனையங்களும் ஓடுபாதைக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன, பெட்டியோடு நடந்து போகும் தூரமல்ல. அதனால் அந்நாட்டு நிறுவனமான குவான்டாஸின் விமானங்களில் 1 முதல் 399 வரை எண் கொண்டவை பன்னாட்டு முனையத்திலிருந்து புறப்படும் என்ற எளிய அடையாளத்தைப் பயணிகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். விமான எண்ணைப் பார்த்தாலே எந்தக் கட்டடம் என்று தெரிந்துவிடும். உள்நாட்டுப் பயணியின் போர்டிங் பாஸில் 'டி' (டொமெஸ்டிக்) என்ற ஆங்கில எழுத்து ஒட்டப்படுகிறது, பாஸ்போர்ட் தேவையில்லை, புகைப்பட அடையாள அட்டை போதும். நம்மிடம் இருப்பதும் ஏறத்தாழ இதே நடைமுறைதான். அங்கே அதை முன்கூட்டியே சொல்கிறார்கள் என்பது ஒன்றே வேறுபாடு.

இதை நண்பர்களிடம் சொன்னபோது, "டிக்கெட்டில் முனைய எண் போட்டிருக்கிறதே, படித்திருக்க வேண்டியது உங்கள் பொறுப்பல்லவா?" என்று ஒருவர் கேட்டார். நான் அதை ஏற்கவில்லை. சென்னைவாசிகளுக்கு நெடுங்காலமாகத் தெரிந்தது இரண்டு பெயர்கள்தாம்: உள்நாட்டுக்குக் காமராஜர், வெளிநாட்டுக்கு அண்ணா. எந்த ஆட்டோ ஓட்டுநரிடமும் அப்படிச் சொன்னால் போதும். இப்போதோ 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பன்னாட்டு முனையம் இரண்டாம் எண், உள்நாட்டு விமானங்களுக்கு ஒன்றாம் எண்ணும் நான்காம் எண்ணும். அந்த நான்காம் எண், முன்பு அண்ணா பன்னாட்டு முனையமாக இருந்த கட்டடமேதான். உள்நாடு என்றால் இந்தப் பக்கம், வெளிநாடு என்றால் அந்தப் பக்கம் என்று மனத்தில் வைத்திருந்த படம் இப்படி மாறிக்கிடக்கும்போது, மூலையில் அச்சடித்த ஓர் எண்ணை வைத்துச் சுங்கச் சோதனை வரை ஊகித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பயணியிடம் எதிர்பார்ப்பது முறையல்ல. எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஊர்களில் நடை மிச்சமாகலாம், ஆனால் 100 மில்லிலிட்டர் விதியும் சுங்க வழியும் அங்கேயும் மாறுவதில்லை.

நான் கேட்பது பெரிய செலவில்லாத ஒன்று. பணம் செலுத்தும் திரைக்கு முன்னால், பயணி படித்துவிட்டேன் என்று குறியிட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும்படி, தமிழிலும் சேர்த்து இப்படி எழுதட்டும்: "இது பன்னாட்டு விமானப் பயணம் ஒன்றின் உள்நாட்டுப் பகுதி. பன்னாட்டு முனையத்திலிருந்து புறப்படும். மூன்று மணி நேரம் முன்னதாக வாருங்கள். பாஸ்போர்ட் தேவையில்லை, அடையாள அட்டை கட்டாயம். கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டிகள் கூடாது. சேருமிடத்தில் சுங்கச் சோதனை உண்டு. வெளியேறும்வரை போர்டிங் பாஸ் துண்டை வைத்திருங்கள்." இதையே பயணத்துக்கு முந்தைய நாள் குறுஞ்செய்தியாகவும் அனுப்பட்டும். உணவு வேண்டுமா, ஜன்னலோர இருக்கை வேண்டுமா என்று நான்கு செய்தி அனுப்புகிறவர்களுக்கு ஐந்தாவது ஒன்றை அனுப்புவது பாரமல்ல. பெட்டி வாங்கும் ஊழியர், உள்நாட்டுப் பயணி என்று கண்டதும், அந்தத் தனி மேசை எந்தப் பக்கம் என்று கையைக் காட்டிச் சொல்லட்டும்.

அதுவரை, டிக்கெட் எடுக்கிறவர்கள் ஒன்று செய்யலாம். விமான எண்ணை இணையத்தில் தேடினால் அது எங்கிருந்து வருகிறது, எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு முனைகளில் ஒன்று வெளிநாடாக இருந்தால், நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து எந்தக் கட்டடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயதானவர்களைத் தனியாக அனுப்புவதானால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

மூன்று மாதம் கழித்து அம்மா மும்பையிலிருந்து திரும்பினார். இந்த முறை நான் பார்த்துப் பார்த்து உள்நாட்டு விமானம் ஒன்றிலேயே எடுத்துக் கொடுத்திருந்தேன். என் மைத்துனர்தான் வழியனுப்பினார். வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டைப் பார்த்து உள்ளே போகச் சொன்ன பிறகும் அம்மா நகரவில்லையாம். "சிங்கப்பூர் இல்லையே?" என்று தமிழிலேயே கேட்டு, அவர் சிரித்துத் தலையசைத்த பிறகுதான் உள்ளே போனாராம். சென்னையில் இறங்கி வெளியே வந்தபோது, போர்டிங் பாஸின் துண்டு அவருடைய சுருக்குப்பையில், ஆதார் அட்டையோடு சேர்த்து ரப்பர் வளையம் போட்டு வைக்கப்பட்டிருந்தது.