சென்சாரைப் பிடிக்கும் விரலுக்கு யார் பொறுப்பு?

பல் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கலாம் என்றதும் நோயாளி கேட்கிற முதல் கேள்வி, "கதிர்வீச்சு ஒண்ணும் பண்ணாதுல்ல?" நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அறையில் நாம் அதிகம் கவலைப்பட வேண்டியது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அல்ல. பக்கத்தில் நின்று வேலை செய்கிற அசிஸ்டென்ட் பெண்ணைப் பற்றி. மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பல் கிளினிக் நடத்துகிறவர்கள், அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் இதைக் கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் நோயாளியின் கணக்கு. ஒரு சிறிய பல் படத்துக்கு உடல் முழுமைக்குமாகக் கணக்கிட்டால் கிடைக்கிற அளவு ஏறத்தாழ 1 முதல் 8 மைக்ரோசீவர்ட் (கதிர் அளவைச் சொல்லும் அலகு). எக்ஸ்ரேயே எடுக்காதவருக்கும் மண், காற்று, சாப்பாடு, வானம் எல்லாவற்றிலிருந்தும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட், அதாவது 2,400 மைக்ரோசீவர்ட் வருகிறது. நாளுக்கு என்று பிரித்தால் ஆறேழு மைக்ரோசீவர்ட். ஆக ஒரு படம் என்பது சும்மா இருந்தாலே ஒரு நாளில் வந்து சேர்கிற அளவுதான். தேவையான படம் என்றால் நோயாளி தயங்க வேண்டியதில்லை.

இப்போது விரலின் கணக்கு. மேலே சொன்னது உடல் முழுமைக்குமான அளவு. கதிர் நேராக விழுகிற இடத்தில், மெஷினிலிருந்து கதிர் வெளிவருகிற கூம்பின் முனையில், தோலுக்குக் கிடைப்பது வேறு: படத்துக்குச் சுமார் 1 முதல் 2 மில்லிகிரே (ஓர் இடம் வாங்கிக்கொள்கிற கதிரின் அலகு). சென்சாரை, அதாவது படத்தைப் பதிவு செய்கிற சிறு தகட்டை, வாய்க்குள் வைத்து அசிஸ்டென்ட் தன் விரலால் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று வைப்போம். கன்னம் கொஞ்சம் தடுக்கும். விரலுக்குப் படத்துக்கு அரை மில்லிகிரேதான் போகிறது என்றே குறைத்து எடுத்துக்கொள்ளலாம். நாளுக்கு 5 படம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1,500 படம். 750 மில்லிகிரே ஆகிவிட்டது. கை கால்களுக்கு ஆண்டுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 500 மில்லிசீவர்ட். எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை ஒரு மில்லிகிரேயும் ஒரு மில்லிசீவர்ட்டும் ஒன்றேதான். இதில் மிகக் கொடுமையான விஷயம், ஊழியருக்கு வந்த கதிரை அளக்க நெஞ்சில் மாட்டியிருக்கிற டிஎல்டி பேட்ஜ் இதைக் காட்டவே காட்டாது. பேட்ஜ் நெஞ்சில் இருக்கிறது, விரல் கதிருக்குள் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற அறிக்கையில் பூஜ்யம் என்றே இருக்கும். "பார்த்தீங்களா, ஒண்ணுமில்ல" என்று எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள்.

அமெரிக்காவில் பல் எக்ஸ்ரேயை முதலில் கையாண்டவர்களில் ஒருவர் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த எட்மண்ட் கெல்ஸ். தன் கையைக் கதிருக்குள் நீட்டியே பழகியவர். விரல்கள் போயின, கை போனது, 1928-ல் உயிரும் போனது. அன்றைய கருவிகளின் அளவு இன்றைக்கு இல்லை, உண்மை. விரலைக் கதிருக்குள் வைத்துப் பிடிக்கிற பழக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது.

ஏன் பிடிக்கிறார்கள்? அலட்சியம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நோயாளி கடித்துக்கொள்ள, சென்சாரை இடத்தில் நிறுத்துகிற ஹோல்டர் இருந்தால் பிடிக்க மாட்டார்கள். பல கிளினிக்குகளில் ஒரே ஒரு செட்தான் இருக்கும். அது கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவில் இருக்கும்போது அடுத்த நோயாளி வந்துவிடுவார். திரும்பத் திரும்ப ஆட்டோகிளேவில் போட்டதில் பிளாஸ்டிக் கை வளைந்து, கூம்புக்கு இடம் காட்டுகிற வளையமும் சென்சாரும் நேர்க்கோட்டில் நிற்காமல் போகும். இரண்டு தடவை படம் வெட்டுப்பட்டு வந்ததும், "இது சரிப்படாது, கையாலேயே பிடிச்சிரலாம்" என்று ஹோல்டர் டிராயருக்குள் போய்விடும். ஆகவே குறைந்தது மூன்று செட் வேண்டும், வளைந்ததைத் தூக்கிப் போட வேண்டும். ரூட் கேனால் நடுவில் பல் வேருக்குள் விட்ட ஊசி போன்ற ஃபைல் நீட்டிக்கொண்டிருக்கும்போது சாதாரண ஹோல்டரைக் கடிக்க முடியாது. அதற்கென்றே கூடை வைத்த ஹோல்டர் தனியாக வருகிறது, அது ஒன்று அவசியம். சென்சாருக்குப் பதில் ஃபிலிம் என்றால் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்கிற இடுக்கியில் கவ்வி நோயாளியையே கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். சென்சாரை அப்படிக் கவ்வினால் ஓடு கீறும், வயர் அறுந்துபோகும்.

குமட்டல் வருகிறவர்களுக்கு முன்பற்களில் தொடங்கி, கடைவாய்க்குக் கடைசியாக வாருங்கள். சென்சாரை வைப்பதற்கு முன்பே டியூபை (கதிர் வருகிற தலைப்பகுதியை) இடத்தில் நிறுத்தி, நேரத்தையும் செட் பண்ணிவிட வேண்டும். வாய்க்குள் வைத்த பிறகு டியூபைத் திருப்பிக்கொண்டிருந்தால் யாருக்கும் குமட்டத்தான் செய்யும். குளிர்ந்த தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைப்பது, நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பது, "ஆத்தா, மூக்கு வழியா மூச்ச விடுங்க, கால் கட்டைவிரல ஆட்டிக்கிட்டே இருங்க" என்று கவனத்தைத் திருப்புவது, எல்லாம் பலன் தரும். சின்னக் குழந்தையையோ தள்ளாத வயதுக்காரரையோ பிடித்தே ஆக வேண்டும் என்றால் கூட வந்த உறவினர் ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு பிடிக்கட்டும். கர்ப்பிணி பிடிக்கக் கூடாது. ஊழியர் எந்தக் காரணத்துக்காகவும் பிடிக்கக் கூடாது. உறவினருக்கு அது ஒருநாள், ஊழியருக்குத் தினமும்.

டியூப் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் இதே வகைதான். சுவரிலிருந்து வருகிற கையின் ஸ்பிரிங் தளர்ந்துபோனால் டியூப் மெல்லக் கீழே இறங்கும். அதை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் பட்டனை அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மூட்டுத் திருகை இறுக்கினால் தீர்கிற விஷயம். சர்வீஸ் ஆள் வருகிற வரைக்கும் அந்த மெஷினை ஓட்டாதீர்கள்.

அடுத்தது எங்கே நிற்பது. பட்டன் வயர் குறைந்தது 2 மீட்டர் இருக்க வேண்டும். அது சுருண்டு முடிச்சாகி ஒரு மீட்டராக நின்றால் ஊழியர் ஒரு மீட்டரில்தான் நிற்பார். ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் சிதறல் கதிர் நான்கில் ஒன்றாகிவிடும், மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒன்று. காசு செலவில்லாத பாதுகாப்பு இதைவிட வேறில்லை. கதிர் போகிற திசைக்கு 90 முதல் 135 டிகிரிக் கோணத்தில் நிற்க வேண்டும், கதிருக்கு எதிரே எப்போதும் கூடாது.

நம் ஊர்க் கட்டடங்களில் இங்கேதான் சிக்கல். டவுன்ஹால் ரோடு பக்கம் பழைய வீட்டின் 9 அங்குலச் செங்கல் சுவர் என்றால் சின்னப் பல் மெஷினுக்குக் கவலையே வேண்டாம். கே.கே. நகர், அண்ணா நகர், பைபாஸ் ரோடு மாடிகளில் வாடகைக்கு ஹால் எடுத்து, பிளைவுட்டும் அலுமினியச் சட்டத்தில் கண்ணாடியும் வைத்து மறித்திருந்தால், அது கண்ணுக்குத்தான் மறைப்பு. பிளைவுட்டுக்குக் கதிரைத் தடுக்கிற சக்தி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். மேல் முன்பற்களுக்கு எடுக்கும்போது கதிர் தலைக்குப் பின்னால் போகும், கடைவாய்க்கு எடுத்தால் எதிர்ப் பக்கம் போகும். ஆகவே நாற்காலியைப் போடுவதற்கு முன்பே, தலைமாட்டுக்குப் பின்னாலும் இரண்டு பக்கமும் சுவருக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். நோயாளிகள் காத்திருக்கிற பெஞ்சு, ரிசப்ஷன் பெண் எட்டு மணி நேரம் உட்காருகிற நாற்காலி, பக்கத்துக் கடையின் கல்லா, எதுவும் அந்தக் கோட்டில் வரக் கூடாது. பெஞ்சை நகர்த்துவது ஈயத்தகடு அடிப்பதைவிடச் சுலபம்.

ஏப்ரன் பற்றி என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. நோயாளிக்கு ஈய ஏப்ரன் போடுவது பார்வைக்குப் பெரிய பாதுகாப்பு, உண்மையில் சின்னது. வயிற்றுக்குப் போகிற கொஞ்சநஞ்சம் பெரும்பாலும் உடலுக்குள்ளேயே சிதறிப் போவது. அதை வெளியே போர்த்துகிற துணி தடுக்காது. கதிர்க் கற்றையைச் சரியாகக் குறுக்கினால் ஏப்ரனும் கழுத்துப்பட்டையும் நோயாளிக்குத் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-ல் சொல்லிவிட்டது. இங்கே முக்கியம் 'குறுக்கினால்' என்பது. நம்மிடம் இருப்பது பெரும்பாலும் 6 செ.மீ. விட்டமுள்ள வட்டக் கூம்பு. அதன் பரப்பு 28 சதுர செ.மீ. சென்சார் 3-க்கு 4 என்றால் 12 சதுர செ.மீ., ஓரம் விட்டுக் கணக்கிட்டாலும் 16-ஐத் தாண்டாது. மீதிக் கதிர் படத்துக்கு எந்த உதவியும் செய்யாமல் முகத்திலும் தைராய்டு பக்கமும் விழுகிறது. கதிரைச் செவ்வகமாகக் குறுக்க, கூம்பு முனையில் மாட்டுகிற கொலிமேட்டர் இதைப் பாதியாகக் குறைத்துவிடும். இரண்டாவது ஏப்ரன் வாங்குகிற காசுக்கு முதலில் இதை வாங்குங்கள். ஹோல்டர் இல்லாமல் இதைப் போட்டால் படம் ஓரம் வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும், இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். ஏப்ரனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வட்டக் கூம்பு இருக்கிறவரை கழுத்துப்பட்டை போடுங்கள், குழந்தைகளுக்குக் கட்டாயம் போடுங்கள். மடித்து வைத்தால் உள்ளே ஈயம் விரிசல் விடும், தொங்கவிட வேண்டும். தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கிற ஓபிஜி எடுக்கும்போது மட்டும் கழுத்துப்பட்டை வேண்டாம். அது கதிரின் பாதையில் விழுந்து கீழ்த்தாடையை மறைக்கும், திரும்ப எடுக்க வேண்டிவரும்.

திரும்ப எடுப்பதுதான் நோயாளிக்கு நாம் கொடுக்கிற வீண் கதிர். டிஜிட்டல் சென்சாரான ஆர்விஜி வந்த பிறகு இது குறையும் என்று நினைத்தோம். உடனே திரையில் தெரிகிறது, உடனே இன்னொன்று எடுக்கலாம் என்றாகி, கூடிவிட்டது. ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, எந்தப் பல், ஏன் திரும்ப எடுத்தோம். ஒரு மாதத்தில் காரணம் தானாகத் தெரியும். வெளுத்த படம் அடிக்கடி வந்தால், பட்டனைச் சத்தம் முடிவதற்குள் விட்டுவிடுகிறார்கள் என்று அர்த்தமாக இருக்கலாம். விரலை எடுத்ததும் கதிர் நின்றுவிடும், அதனால் முடிகிற வரை அழுத்தியே இருக்க வேண்டும். மாலையில் மட்டும் வெளுத்தால் கரண்டைப் பாருங்கள். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் கோடையில் வோல்டேஜ் இறங்கும்போது பழைய ஏசி வகை மெஷினில், கதிரின் ஊடுருவும் சக்தியைத் தீர்மானிக்கிற கிலோவோல்ட்டும் சேர்ந்து இறங்கும். நேரத்தைக் கூட்டுவது அதற்கு மருந்தல்ல. ஊடுருவ முடியாத மென்கதிர் தோலிலேயே தங்கும், படம் தேறாது. ஸ்டெபிலைசர் போட வேண்டும், புதிதாக வாங்கினால் டிசி வகை வாங்க வேண்டும். டிஜிட்டல் சென்சாரில் இன்னொரு கெட்ட குணம், நேரம் கூடினாலும் படம் அழகாகவே வரும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கம்பெனி கொடுத்த அட்டவணையில் தொடங்கி, படம் மணல் தூவினாற்போல் தெரியத் தொடங்கும்வரை படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். அதற்காக நோயாளி யாரையும் உட்கார வைக்காதீர்கள், பிடுங்கின பல் ஒன்று போதும். தெரியத் தொடங்கியதற்கு ஒரு படி மேலே நிறுத்தி, பெரியவர், குழந்தை, பல் வாரியாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். டிஜிட்டலில் நூற்றுக்கு 95 படமாவது தேற வேண்டும்.

இன்னும் ஃபிலிம் கழுவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெவலப்பருக்கு 20 டிகிரியில் 5 நிமிடம் என்பது கணக்கு. 27 டிகிரியில் அது இரண்டரை நிமிடம். சித்திரையில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் எவ்வளவு சுடும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சூட்டில் படம் நொடிகளில் கருக்கும், உடனே எடுத்து ஃபிக்ஸரில் போடுவார்கள். கதிரைத் தேவைக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டுக் கழுவுகிற நேரத்தில் சரிசெய்கிற பழக்கம் இப்படித்தான் உருவாகிறது. ஒரு தெர்மாமீட்டரும் டைமரும் வாங்கி வையுங்கள். வேகம் குறைந்த, அதனால் அதிகக் கதிர் கேட்கிற டி ஸ்பீட் ஃபிலிமை விட்டு இ ஸ்பீடுக்கு மாறினால் கதிர் ஏறத்தாழப் பாதியாகும், எஃப் ஸ்பீடுக்கு மாறினால் பாதிக்கும் கீழே போய்விடும்.

கையில் பிடித்து எடுக்கிற கேமரா போன்ற மெஷின் பள்ளிக்கூட முகாம்களில் அதிகம் தெரிகிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வகை ஒப்புதல் அந்த மாடலுக்கு இருக்கிறதா என்று பார்க்காமல் ஆன்லைனில் மலிவாக வாங்காதீர்கள். உள்ளே ஈயக் கவசம் போதாத மெஷினில் கதிர் பிடித்திருப்பவர் கைக்கே கசியும். 2012-ல் பிரிட்டனில் அப்படிப்பட்டவை சிக்கின. நல்ல மெஷினிலும் கூம்பைச் சுற்றி இருக்கிற வட்டத் தடுப்பு நோயாளியின் முகத்தை ஒட்டி இருக்க வேண்டும், மெஷின் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் தடுப்பின் நிழல் உங்கள் கழுத்தையும் கண்ணையும் மறைக்காது. வரிசையில் நிற்கிற பிள்ளைகள் பக்கம் நீட்டாதீர்கள், வெறும் சுவர் பக்கம் திருப்பி உட்கார வையுங்கள்.

கர்ப்பிணிக்குச் சீழ் கட்டி வலி என்றால் படம் எடுக்கலாம், எடுக்க வேண்டும். கருவுக்குப் போவது மிக மிகச் சொற்பம், விட்டுவைத்த தொற்றுதான் ஆபத்து. ஊழியர் கர்ப்பமானால் கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட். தூரத்தையும் கோணத்தையும் மதித்தால் அதன் அருகில்கூடப் போகாது, அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தாதீர்கள். முப்பரிமாணப் படம் தருகிற சிபிசிடி ஸ்கேன் மட்டும் வேறு கணக்கு, சில பத்து மைக்ரோசீவர்டிலிருந்து ஆயிரம் வரை போகும். ஒரு கடைவாய்ப் பல்லுக்கு முழு முகத்தையும் எழுதி அனுப்பாதீர்கள், சீட்டில் எந்த இடம், என்ன கேள்வி, சின்ன ஃபீல்ட் (படமெடுக்கிற பரப்பு) போதும் என்று எழுதுங்கள்.

காகித வேலையும் உண்டு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இலோரா இணையதளத்தில் பதிவு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் தரப் பரிசோதனை. அறிக்கை வந்ததும் ஃபைலில் போட்டு மூடாதீர்கள். கிலோவோல்ட், டைமர் துல்லியம், கசிவு மூன்றையும் போன அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேட்ஜைச் சட்டையோடு வீட்டுக்குக் கொண்டுபோவதும், வெயிலில் நிற்கிற வண்டி டிக்கியில் போட்டுவைப்பதும் அளவைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் கதிர் வராத அறையில், ஒப்பிடுவதற்காக யாரும் அணியாமல் வைக்கிற கன்ட்ரோல் பேட்ஜோடு சேர்த்து மாட்டுங்கள். ஏப்ரன் போட்டால் பேட்ஜ் அதற்கு உள்ளே.

பழைய மெஷினை மாற்றும்போது கரண்ட் இல்லாத டியூபில் கதிர் எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் அதை அப்படியே பழைய இரும்புக்கோ புதிதாகக் கிளினிக் தொடங்குகிற தம்பிக்கோ கொடுத்துவிட்டால் பதிவில் அது உங்கள் பெயரில்தான் நிற்கும், டைமர் கெட்டுப்போன அந்த மெஷின் திருமங்கலத்திலோ வாடிப்பட்டியிலோ மறுபடி ஓடும். இலோராவில் பயன்பாட்டிலிருந்து நீக்கியதாகத் தெரிவித்து, மறுபடி ஓட்ட முடியாதபடி செய்து, அதற்கான காகிதத்தை வாங்கி வைத்த பிறகு வெளியே அனுப்புங்கள்.