எக்ஸெல் ஃபைல் பெருப்பது சார்ட்டால் அல்ல

"எக்ஸெல் ஃபைல் இவ்வளவு பெரிதாவதற்குச் சார்ட்டுகள்தான் காரணம், எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள்" என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு. அதை நம்பி, உழைத்துப் போட்ட சார்ட்டுகளை யாரும் அழித்துவிடாதீர்கள்.

பெரும்பாலும் எடை கூட்டுவது பிவட் கேச். பிவட் டேபிள் (நிறைய வரிகளைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டும் அட்டவணை) போட்டதும் எக்ஸெல் மூலத் தரவை நகலெடுத்து ஃபைலுக்குள் தனியாக வைத்துக்கொள்கிறது. சந்தேகமிருந்தால் ஃபைலைக் காப்பி எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பதை ஜிப் என மாற்றித் திறந்து பாருங்கள். பிவட்கேச் ஃபோல்டரில் 'ரெக்கார்ட்ஸ்' என்று இருப்பதுதான் அந்த நகல். சார்ட்ஸ் ஃபோல்டரில் உள்ளவை வழக்கமாக சில கேபி (கிலோபைட்) அளவுதான்.

பிவட்டில் ரைட் கிளிக் செய்து, பிவட்டேபிள் ஆப்ஷன்ஸில் டேட்டா டேபுக்குப் போங்கள். 'சேவ் சோர்ஸ் டேட்டா வித் ஃபைல்' டிக்கை எடுத்துவிட்டு, அதற்குக் கீழே ஃபைல் திறக்கும்போது ரிஃப்ரெஷ் ஆகும் டிக்கைப் போடுங்கள். ரிஃப்ரெஷ் ஆவது மூலத் தரவிலிருந்துதான் என்பதால், அந்த ஷீட்டை மட்டும் நீக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று, மூல ஷீட்டை நீக்கிவிட்டுப் பிவட்டை மட்டும் வெளியே அனுப்புகிறவர்கள் கவனியுங்கள். கேச் உள்ளே இருந்தால், கிராண்ட் டோட்டலை டபுள் கிளிக் செய்தாலே அத்தனை வரிகளும் புது ஷீட்டில் வந்து விழும்.