அந்தப் 10 புள்ளிகள் யாருக்கு உரியவை?

கடந்த மாதம் ஒரு வார்ஹேமர் 40,000 போட்டியில், அதாவது நாமே வண்ணம் பூசிய குட்டிப் பொம்மைப் படைகளை மேசையில் மோதவிடும் ஆட்டத்தில், 78க்கு 84 என்று தோற்றேன். எதிராளியின் 84இல் 10 புள்ளிகள் அவருக்குச் சேரவே கூடாதவை என்பதால் என் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

விதி ஒன்றும் சிதம்பர ரகசியம் அல்ல. 2020இல் வந்த விதிப்புத்தகத்தின் ஒன்பதாம் பதிப்பில் நுழைந்து, 2023இல் வந்த பத்தாம் பதிப்பிலும் தொடர்கிறது. ஓர் ஆட்டத்துக்கான 100 புள்ளிகளில் 10, படையிலுள்ள ஒவ்வொரு மினியேச்சரும் (பொம்மை வீரனும் வண்டியும்) 'பேட்டில் ரெடி' தரத்தில் இருந்தால் மட்டுமே கிடைக்கும். அதாவது முக்கியப் பகுதிகளில் அதனதன் நிறம் ஏறியிருக்க வேண்டும், அது நிற்கும் அடித்தட்டான பேஸும் வெறுமையாக இல்லாமல் முடிக்கப்பட்டிருக்க வேண்டும். கோல்டன் டீமன் என்ற மினியேச்சர் ஓவியப் போட்டியின் பரிசுக்கு அனுப்பும் வேலைப்பாட்டை யாரும் கேட்கவில்லை.

என் எதிரே நின்றதோ, கறுப்பு ஸ்ப்ரே அடித்து, தோளில் ஒரு சிவப்புத் தீற்றலும் துப்பாக்கியில் ஒரு வெள்ளித் தீற்றலும் இழுத்துவிட்ட படை. அனுமதி கேட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தலைக்கவசத்தின் நடுவே, அச்சில் வார்த்தபோது விழுந்த அச்சுக்கோடு வகிடு எடுத்தது போல ஓடியது. பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவிலிருந்து வெட்டியபோது மிஞ்சிய துண்டு முழங்கையில் பரு போலத் துருத்திக்கொண்டிருந்தது. பேஸ் மொட்டைப் பிளாஸ்டிக். நடுவரை அழைத்துக் காட்டினால், "மூன்று நிறம் இருக்கிறதே, விடுங்கள்" என்று நகர்ந்துவிட்டார். மூன்று நிறம் போதும் என்பது பழைய போட்டிகளின் வழக்கம். அந்த வழக்கத்திலும் பல இடங்களில் பேஸை முடித்தே ஆக வேண்டும்.

ஆயுதத்திலும் இதே கதைதான். "இந்தப் பிளாஸ்மா துப்பாக்கிகளை மெல்டா என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் எதிராளி தொடக்கத்திலேயே. மெல்டா என்பது கிட்டத்தில் டாங்கியை உருக்கிவிடும் ஆயுதம். கையில் எது தெரிகிறதோ அதுவே ஆயுதம் என்ற ஒழுங்கு எதற்கு இருக்கிறது? மூன்றாம் மணி நேரக் களைப்பில், நான்காம் சுற்றில், கண்ணுக்குத் தெரிந்த பிளாஸ்மாவை நம்பி என் டாங்கியை அந்தத் துப்பாக்கி வீரர்களுக்கு 12 அங்குலத்துக்குள் நகர்த்தினேன். மெல்டாவுக்கு எட்டும் தூரம் அதுதான். டாங்கி போயிற்று, அது காவல் நின்ற, புள்ளி தரும் இலக்கிடமும் கூடவே போயிற்று.

நேரமில்லை என்பார்கள். ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் தரும் கான்ட்ராஸ்ட் பெயின்ட் 2019இலேயே வந்துவிட்டது. அதற்கும் நேரமில்லையென்றால் தாராளமாக ஆடட்டும், யாரும் தடுக்கவில்லை. அந்தப் 10 புள்ளிகளை மட்டும் எழுதிக்கொள்ளக் கூடாது, நடுவரும் எழுத விடக் கூடாது. கண்டிப்பு காட்டினால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று அஞ்சும் அமைப்பாளர்கள், பிள்ளைகள் தூங்கிய பிறகு மேசை விளக்கடியில் ஏழு மாதம் குனிந்திருந்து படை முடித்தவர்களைப் பற்றி ஏன் அஞ்சுவதில்லை?

பேஸ் காயவில்லை என்பதற்காக ஐந்து வீரர்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, 2,000 புள்ளி மதிப்புள்ள படையை எதிர்த்து 1,900 புள்ளி மதிப்புள்ள படையோடு அன்று ஆடியவன் நான் (இது படையின் பலத்தை அளக்கும் வேறு புள்ளி). அந்த ஐவருக்கும் இப்போது பேஸ் முடிந்துவிட்டது. அடுத்த போட்டியில் முதல் பகடை உருள்வதற்கு முன்பே நடுவரை அழைத்து, இரண்டு படைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே ஆட்டத்தைத் தொடங்கச் சொல்வேன்.