முதலில் ஃப்ளோர் மேட்டைத் தூக்குங்கள்

பழைய ஜப்பான் கார் என்று சொன்னாலே நம் பையன்களுக்கு ஸ்கைலைனும் சூப்ராவும்தான் ஞாபகம் வருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துச் சொத்தவிளை கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு டீ குடிக்கிற நம் கூட்டத்திலும் அதே பேச்சுதான். போஸ்டர், மேடை, பரிசு எதுவும் கிடையாது. முந்தைய நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் "நாளைக்கு வாறியா மக்கா?" என்று ஒருவர் கேட்பார், அவ்வளவுதான். யோகோஹாமா பக்கம் டைகோகு என்ற நெடுஞ்சாலை பார்க்கிங்கிலும் இப்படித்தான் அழைப்பிதழ் இல்லாமல் கூடுகிறார்கள். அங்கே வருவது வேறு வண்டிகள், சரி. நம்மிடம் ரெண்டு மூணு மாருதி 800, ஜிப்சி, குவாலிஸ், ஒரு பழைய ஆம்னி. புதிதாக யாராவது வந்தால் "நம்மகிட்ட பெரிசா ஒண்ணும் இல்ல அண்ணே" என்று கூச்சத்தோடு சொல்கிறார்கள். அந்தக் கூச்சம் எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை.

800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியைக் கொடுத்தார். அந்த முதல் மாடல் முழுக்க முழுக்க ஜப்பான்காரன். அங்கே 'கெய்' என்று சின்ன கார்களுக்கு ஒரு வகுப்பு உண்டு; அந்தக் காலத்தில் அதற்கு எஞ்சின் 550 சிசியைத் தாண்டக்கூடாது. அந்த உடம்பிலேயே வெளிநாடுகளுக்காக 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினை சுசூகி குறுக்காக வைத்து, முன்சக்கரத்தை இழுக்க வைத்தது. அதுதான் இங்கே வந்தது. ஆரம்பத்தில் பெரும்பாலான பாகங்கள் கப்பலில் வந்து குர்கானில் பூட்டப்பட்டன. 1986-ல் உடம்பு மாறியதால் முதல் மாடல் கொஞ்ச காலமே வந்தது. ஜிப்சி, ஜப்பானில் ஜிம்னி என்று ஓடியதன் நீள உருவம். இங்கே 1985 கடைசியில் வந்தது. 2000-ல் வந்த குவாலிஸ், இந்தோனேசியாவில் கிஜாங் என்ற பெயரில் ஓடிய டொயோட்டா. இவ்வளவு இருக்கும்போது, போட்டோவில் மட்டும் பார்த்த காருக்காக எதற்கு ஏங்க வேண்டும்?

நம் மாவட்டத்துக்கு ஜப்பான் கார் ஒன்றும் புதிதும் இல்லை. வளைகுடாவில் வருஷக்கணக்கில் வண்டி ஓட்டித் திரும்பியவர்கள் மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். கிரெசிடா, பழைய கொரோலா, நிசான் பட்ரோல், லேண்ட் குரூசர் எல்லாம் அவர்களுக்குப் பிழைப்பாக இருந்தவை. கடற்கரை ஊர்களில் கேட்டால், சுசூகி, யமஹா என்ற பெயர்களைச் சின்னப் பிள்ளைகூட வள்ளத்தின் பின்னால் மாட்டியிருக்கும் எஞ்சினில்தான் முதலில் படித்திருக்கும். போன கூட்டத்தில் மீன் வாங்க வந்த ஒரு பெரியவர் நம் வண்டிகளைப் பார்த்துவிட்டு நின்றார். வெள்ளை வேட்டி, கையில் பை. ஒரு தம்பி தன் 800-ன் ஆக்ஸிலரேட்டரை மிதித்து, புதிதாகப் போட்ட எக்ஸாஸ்ட்டின் சத்தத்தை அவருக்குக் காட்டினான். பெரியவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "கதவத் தெற மக்கா" என்றார். குனிந்து டிரைவர் பக்கத்து மேட்டைத் தூக்கி, தரைத் தகட்டைக் கட்டை விரலால் அழுத்தினார். பிறகு கதவின் அடி விளிம்பில் விரலை ஓட்டி, தண்ணீர் வடியும் ஓட்டையைத் தேடினார். அது செம்மண் அடைத்துக் கிடந்தது. "இத ஒரு ஈர்க்குச்சி வச்சுக் குத்தி எடுக்கப்பிடாதா?" என்று கேட்டுவிட்டு மீன் பக்கம் போய்விட்டார்.

அந்த ஒரு நிமிஷத்தில் அவர் பார்த்ததுதான் பார்க்க வேண்டியது. நம் ஊரில் 800-ஐ எஞ்சின் கொன்றதில்லை. மூன்று சிலிண்டரை நம் மெக்கானிக் ஆசான்மார் பிரித்துப் போட்டு, ரிங் மாற்றி, சாயங்காலத்துக்குள் ஸ்டார்ட் செய்துவிடுவார்கள். கொல்வது துரு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்று ரெண்டு மழை நமக்கு. நடுவில் உப்புக் காற்று. முன் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்தால் தண்ணீர் உள்ளே இறங்கி மேட்டுக்கு அடியில் தங்கும். மேலே பார்த்தால் பளபளப்பு, அடியில் மாதக்கணக்கில் ஈரம். 800-க்கும் ஆம்னிக்கும் தனியாகச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, உடம்பேதான் சேஸிஸ். தரையும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டியும் போனால் வண்டி போச்சு. ஜிப்சிக்கும் குவாலிஸுக்கும் ஏணி மாதிரி தனிச் சேஸிஸ் இருப்பதால் பாடி அரித்தாலும் பிழைத்துக்கொள்ளும். தெருவில் ஜிப்சி தென்படுகிற அளவுக்கு முதல் மாடல் 800 தென்படாததற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். துருவின் மேலேயே பட்டி போட்டு, அதற்கு மேல் கறுப்புக் கோட்டிங் அடித்து விற்கிறவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பதிவு முடியாது.

ஆகவே என் கட்சி இதுதான்: நம் கூட்டத்தில் முதல் மரியாதை, தரைத் தகடு கம்பெனியில் இருந்து வந்தபடி இருக்கிற வண்டிக்கு. பெயிண்ட் மங்கியிருக்கட்டும், சீட் கிழிந்திருக்கட்டும். அகல வீலும் ராட்சத ஸ்பாய்லரும் வைத்த வண்டி அதற்குப் பின்னால் நிற்கட்டும்.

இதைச் சொன்னால் 'அண்ணன் கிழவன் மாதிரி பேசுறாரு' என்பார்கள். சட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள் தம்பிகளா. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. அதைவிட முக்கியம் 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதி. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் 'விஏ' என்ற எழுத்து வரும். கண்காட்சி, ரேலி மாதிரி காரியங்களுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். அந்தக் கணக்கில் நம் நாட்டின் முதல் 800 விண்டேஜ் ஆவது 2033-ல். இன்றைக்கு வீல் ஆர்ச்சை வெட்டுகிறவன் அன்றைக்கு எந்த முகத்தோடு போய் விண்ணப்பம் கொடுப்பான்?

அதுவரைக்கும் நம் வண்டி வெறும் 'பழைய வண்டி'. 2025 ஆகஸ்ட்டில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். புகை கக்கிக்கொண்டு தினமும் ஓடுகிற வண்டிக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் துணியை விலக்கி எடுக்கிற வண்டிக்கும் ஒரே தட்டு. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 30 வருஷம் ஆனதையே வரலாற்று வாகனம் என்று ஏற்றுக்கொள்கிறது. இங்கேயும் 30-க்கும் 50-க்கும் நடுவில் ஒரு படி வைத்தால் அரசாங்கத்துக்கு என்ன நஷ்டம்? கட்டணம் வாங்கிக்கொள்ளட்டும், ஓட்டும் தூரத்துக்கு வரம்பு வைக்கட்டும், யாரும் சண்டைக்குப் போகப்போவதில்லை.

ஜப்பான்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டி. நிசான் 2017 முதல் ஆர்32 ஜிடி-ஆர் என்ற பழைய ஸ்கைலைனுக்குப் பாகங்களை மறுபடி விற்கிறது. பழைய சூப்ராவுக்கும் 2000ஜிடி-க்கும் டொயோட்டா அதேபோலச் செய்கிறது. 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற 800-க்கு இங்கே எஞ்சின் சாமானுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முதல் மாடலுக்கு ஒரு கண்ணாடி பீடிங், ஒரு கதவுக் கைப்பிடி தேடிப் பாருங்கள், கால் தேய்ந்துவிடும். இதற்கு மவுசு வர, வாங்குகிற ஆள் வேண்டும். வாங்குகிற ஆள் வர, வண்டி உயிரோடு இருக்க வேண்டும்.

அப்புறம் கடைசியாக ஒன்று. துருவைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, அலை தெறிக்கிற தூரத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்துவது நமக்கே நல்லாயில்லை. படம் அழகாக வரும் என்பது தெரியும். ஆனாலும் அடுத்த தடவை ஆரல்வாய்மொழி பக்கமோ, குலசேகரம் ரப்பர் தோட்டத்துப் பக்கமோ போவோம். நாலு வண்டி நிற்க இடமும் டீக்கடையும் இருந்தால் போதும், தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு ஈர்க்குச்சி கொண்டுவாருங்கள். வடசேரி, தக்கலை பக்கம் பழைய ஸ்பேர் கடைகளில் யார் கண்ணிலாவது முதல் மாடல் 800-ன் பின் லைட் கண்ணாடி பட்டால் எனக்குத்தான் முதல் போன் வர வேண்டும், சொல்லிவிட்டேன்.