ஸ்பேனர் பிடிப்பது தண்டனையா?

சனிக்கிழமையிலிருந்து இதை எழுதக் கூடாது என்று அடக்கிக்கொண்டிருந்தேன். இன்று காலை எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் நாலாவது முறையாக அந்த வீடியோ வந்தது. கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். இனி முடியாது.

எந்த வீடியோ என்று காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முதல் சம்பளத்தில் தான் படித்த வகுப்பறைக்கு இரண்டு ஃபேன் வாங்கி மாட்டிய பழைய மாணவன், ஐடிஐ ஃபிட்டர், அவனை ஆண்டு விழா மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். போட்ட கையோடு சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்துப் பிள்ளைகளிடம் சொல்கிறார்: "நல்லாப் படிங்க. இல்லேன்னா இந்தத் தம்பி மாதிரி ஸ்பேனர்தான் பிடிக்கணும்." கைதட்டல். பையனும் சிரிக்கிறான். மேடையில் நிற்கிறவன் வேறு என்ன செய்வான்?

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை, கமெண்டில் நீங்களும் எழுதாதீர்கள். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் நன்றாக வர வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார். எனக்குப் பயமே அதுதான். நல்ல மனசோடு இருக்கிறவர் வாயிலும் யோசிக்காமல் வருகிற வார்த்தையாக இது ஆகிவிட்டது. கையால் வேலை செய்வது ஒழுங்காகப் படிக்காததற்குக் கிடைக்கிற தண்டனை என்று பத்து வருடம் பள்ளியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். அப்புறம் நாட்டுக்கு மனித வளம் வேண்டும் என்று மாநாடு போடுகிறோம்.

நான் சிவில் இன்ஜினியர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டுப் பராமரிப்புக்கு அனுப்பினார்கள். வளவில், அதாவது உள்முற்றத்தில், சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்திருந்தது. செட்டிநாட்டுச் சுவர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்ந்து நூறு வருடம் கழித்தும் கன்னம் மாதிரி வழுவழுவென்று இருக்கும். அறுபது வயதுக் கொத்தனார் ஒருவர் அரைத்த சுண்ணாம்பை ஒரு விரலில் எடுத்து நீட்டி, "பதம் வந்துருச்சா பாருங்க தம்பி" என்றார். நான்கு வருடம் பி.இ. படித்தவன் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். கான்கிரீட் கலவை விகிதம் மனப்பாடம். சுண்ணாம்பைத் தொட்டதே இல்லை. அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொஞ்சம் வைத்து, "தேய்ங்க. நெறுநெறுன்னா இன்னும் அரைக்கணும். வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகணும்" என்றார். அன்று அது நெறுநெறுவென்றுதான் இருந்தது. மறுபடி அரைத்தார்கள்.

அவர் ஐந்தாவது வரை படித்தவர். நம் கணக்குப்படி அவர் மனித வளம் இல்லை, நான்தான் மனித வளம். இந்தக் கணக்கு எங்கேயோ தப்பாகப் போட்டது என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

இதே காரைக்குடியில் ஒரு மனிதர் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டார். அழகப்பச் செட்டியார். 1947-ல் கலைக் கல்லூரி தொடங்கினார். 1952-ல் பொறியியல் கல்லூரி. மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வர 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார், 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். மாண்டிசோரி பள்ளியும் பாலிடெக்னிக்கும் அதே ஊரில். 48 வயது நிறையாமல் 1957-ல் போய்விட்டார். தமிழ் இலக்கியம் படிப்பவனும் லேத் ஓட்டுபவனும் ஆய்வகத்து விஞ்ஞானியும் ஒரே ரோட்டில் நடந்துபோகிற ஊரை அவர் உண்டாக்கினார். அந்த ஊரில், அந்த ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இந்த வசனமும் கைதட்டலும்.

சரி, நமக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றும் சொல்ல மாட்டேன். உயர்கல்விக்குப் போகிறவர்கள் தமிழ்நாட்டில் 47 சதவீதம் என்றது 2021-22 மத்தியக் கணக்கெடுப்பு, இந்தியா முழுவதும் சேர்த்து 28.4 தான். சோறு போட்டு, சைக்கிள் கொடுத்து, பஸ் பாஸ் கொடுத்து வாங்கிய எண் அது. பெருமைப்படுகிறேன். பிள்ளையைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்துவிட்டோம். உள்ளே போனவன் கையில் எதையாவது தொட்டானா என்பதுதான் என் கேள்வி. வாசலுக்கு வராத மீதிப் பேரை எந்தக் கணக்கில் எழுதுகிறோம் என்பது அடுத்த கேள்வி.

இந்த இடத்தில் ஒருவர் வருவார் என்று தெரியும். "ராஜாஜியின் குலக்கல்வியைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறாயா?" இதற்குக் கோபப்பட மாட்டேன், கேட்க வேண்டிய கேள்வி. 1953-ல் வந்த அந்தத் திட்டம் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. 1954-ல் காமராஜர் அதைத் தூக்கிப் போட்டார். போடாமல் இருந்திருந்தால் நான் இன்று இன்ஜினியர் இல்லை. நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. கொத்தனார் மகள் டாக்டர் ஆகட்டும், டாக்டர் மகனும் ஆறாவதிலிருந்து பூச்சுக் கரண்டி பிடித்துப் பார்க்கட்டும். எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வேலையும். அந்தக் கொத்தனாரை வாரம் ஒரு நாள் பள்ளிக்குக் கூப்பிட்டு, ஆசிரியர் என்று கையெழுத்து வாங்கி, ஆசிரியருக்கான சம்பளம் கொடுங்கள். இதில் குலம் எங்கே வருகிறது?

"அப்ப நீ புதிய கல்விக் கொள்கை ஆளா?" என்று இன்னொருவர். இல்லை. எந்தக் கட்சி ஆளும் இல்லை. மேலே போகலாம்.

பணத்துக்கு எங்கே போவது என்கிறார்கள். நாட்டு வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கச் சொல்லி 1966-ல் கோத்தாரி கல்விக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. மத்திய அரசின் 2020 புதிய கல்விக் கொள்கையிலும் அதே 6 சதவீதம்தான் எழுதியிருக்கிறது. எழுதிக்கொண்டே இருக்கிறோம். ஆனால் நான் சொல்வதில் பாதிக்குப் பணமே வேண்டாம். ஐடிஐ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவன் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். வழி ஏற்கெனவே இருக்கிறது. பத்தாவது ரிசல்ட் அன்று தலைகுனிந்து நிற்கிற பிள்ளையிடம் இதைச் சொல்ல என்ன செலவு? ஒருத்தரும் சொல்வதில்லை. டிசியைக் கொடுத்து அனுப்புகிறோம்.

"உன் மகளை ஐடிஐக்கு அனுப்புவாயா?" இதையும் கேட்பீர்கள். எட்டாவது படிக்கிறாள். அவள் ஆசைப்பட்டுக் கேட்டால் அனுப்புவேன். கேட்கவே கூடாது என்றல்லவா மேடை போட்டுச் சொல்லியிருக்கிறீர்கள்? கேட்கிற பிள்ளையைக் கிண்டல் செய்ய ஐந்நூறு பிள்ளைகளுக்கு ஒரே நாளில் பயிற்சி கொடுத்துவிட்டு என்னிடம் வந்து கேட்டால் எப்படி?

இவ்வளவு சூடு எனக்கு ஏன் என்று நண்பர்கள் கேட்டார்கள். சொல்கிறேன்.

என் அண்ணன் பத்தாவதில் கணக்கில் ஃபெயில். நல்ல வெல்டர். குவைத்துக்குப் போக பாஸ்போர்ட் எடுத்தபோது அதில் வெளிநாட்டு வேலைக்குப் போகத் தனியாக அரசு அனுமதி வாங்க வேண்டியவர் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள், பத்தாவது தேறாதவர்களுக்கு அப்படித்தான். "கணக்கு மார்க்கை இதுலயும் போட்டுட்டாங்கடா" என்று என்னிடம் காட்டினான். நான் பி.இ. முடிக்கிற வரை எட்டு செமஸ்டருக்கும் அவன்தான் பணம் அனுப்பினான். நான் போட்டுக்கொள்கிற "பி.இ." என்ற இரண்டு எழுத்துக்கு அவன் கண்ணெரிச்சல்தான் விலை. லீவுக்கு ஊருக்கு வந்தால் இன்றைக்கும் அவன் அந்தப் பள்ளி வாசல் வழியாகப் போக மாட்டான். பைக்கை ஊருணிப் பக்கமாகத் திருப்பிச் சுற்றிக்கொண்டு போவான். ஐம்பது வயதாகப் போகிறது. அவனை ஒரு மேடையிலும் யாரும் ஏற்றியதில்லை. ஒருவிதத்தில் நல்லதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அவனுக்கும் அந்த வீடியோ போயிருக்கிறது. நேற்று ராத்திரி டூட்டி முடிந்து போன் செய்தான். விருந்தினரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அந்தப் பய கீழ எறங்குறப்ப சால்வையோட எறங்குனானா, கழட்டிட்டானா? எனக்கு வந்ததுல பாதியில கட் ஆகுது" என்று கேட்டான்.

நான் அதைக் கவனிக்கவில்லை. முழு வீடியோவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கைதட்டல் முடியும் முன்பே கழற்றிவிடுகிறான். நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, ஓரத்துப் படி வழியாக இறங்குகிறான்.

அண்ணனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.